ஸ்டார் ஆஃப் இந்தியா கப்பலில் பிள்ளைகளோடு ஒரு ராத்திரி

சான் டியாகோவில் யாரையாவது விமான நிலையத்தில் கொண்டுபோய் விடும்போதெல்லாம் ஹார்பர் டிரைவில் இந்தக் கப்பல் கண்ணில் படும். மூன்று பாய்மரம், எண்ணி முடியாத கயிறு. ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுத்திருப்போம், பேரில் இந்தியா இருக்கிறதே என்று. உள்ளே ஏறிப் பார்த்தவர்கள் குறைவு, ராத்திரி தங்கியவர்கள் அதைவிடக் குறைவு. கப்பலைப் பராமரிக்கும் சான் டியாகோ கடல்சார் அருங்காட்சியகம் பள்ளிப் பிள்ளைகளையும் ஸ்கவுட் மாதிரியான குழுக்களையும் இரவு தங்க வைத்து மாலுமி வேலை வாங்குகிறது. என் மகள் இருக்கிற குழுவுக்குத் துணையாகப் போன பெற்றோரில் நானும் ஒருத்தி. போய் வந்ததிலிருந்து "குளிருமா, சைவம் கிடைக்குமா, பிள்ளை பயப்படுமா" என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். அங்கே போவதே தூக்கம் கெடுவதற்குத்தான். நடுராத்திரியில் பிள்ளைகளை எழுப்பி மேல்தட்டில் காவல் நிறுத்துவார்கள். "ஐயோ பாவம், குழந்தை தூங்கட்டுமே" என்று அதைத் தவிர்க்கப் பார்ப்பதாக இருந்தால் ராத்திரி தங்கவே வேண்டாம், பகலில் டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம். மிச்ச வேலையெல்லாம் எந்த முகாமிலும் கிடைக்கும். அந்தக் காவல் மட்டும் வேறெங்கும் கிடைக்காது.

கப்பலைப் பற்றிப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே கொஞ்சம் சொல்லிக் கூட்டிப்போனால் நல்லது. அங்கே சொல்வார்கள்தான், ஆனால் கயிறு இழுக்கிற அவசரத்தில் பாதி காதில் ஏறாது. 1863 நவம்பரில் ஐல் ஆஃப் மேன் தீவின் ராம்சியில் கட்டி இறக்கிய இரும்புக் கப்பல் இது. அப்போது பேர் யூடர்பி. இன்றுவரை எஞ்சின் வைத்ததே இல்லை, எல்லாம் காற்றுதான். முதல் பயணமே கோளாறு. 1864 ஜனவரியில் இந்தியாவுக்குக் கிளம்பி, வேல்ஸ் கரையோரம் இன்னொரு கப்பலோடு இடித்து, மேலே போகமாட்டோம் என்று மாலுமிகள் மறுத்து, அதில் 17 பேர் சிறையில் கடுங்காவல் அனுபவித்தார்கள். இரண்டாவது பயணம் நமக்கு இன்னும் கிட்டத்து விஷயம். 1865-ல் சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில் புயலில் மாட்டிக்கொண்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் எங்கள் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டது இதைத்தான். அன்றைக்குச் சென்னையில் கப்பல் பத்திரமாக ஒதுங்கி நிற்கிற மாதிரி துறைமுகம் கிடையாது. திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்க வேண்டும், ஆளும் சரக்கும் கரைக்கு வருவது படகில். ஆணியே அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலா படகுகள் அந்த அலையில் தாக்குப்பிடித்தன. புயல் வருகிறது என்றால் கரையோரம் நிற்பதுதான் பெரிய ஆபத்து, தரையில் தூக்கி அடித்துவிடும். ஆழ்கடலுக்குப் போய்த் தப்பிக்கப் பார்க்க வேண்டும். யூடர்பி அந்தப் புயலில் தன் பாய்மரங்களைத் தானே வெட்டிக் கடலில் தள்ளிப் பிழைத்தது. மேலே இருக்கிற எடையும் காற்று பிடிக்கிற பரப்பும் போனால்தான் சாய்ந்த கப்பல் நிமிரும். அப்புறம் மொட்டையாகத் தட்டுத் தடுமாறித் திருகோணமலைக்குப் போய், அங்கிருந்து கல்கத்தா போய்ப் பழுது பார்த்துக்கொண்டது. இங்கிலாந்து திரும்பும் வழியில் கேப்டன் ஸ்டோரி இறந்துபோனார். எங்கள் குழுவில் யாழ்ப்பாணக் குடும்பத்துப் பையன் ஒருவன், "எங்கட அம்மம்மா திருகோணமலை" என்று சொன்னதிலிருந்து ராத்திரி முழுக்கக் கப்பலுக்கு உறவுக்காரன் மாதிரி நடந்துகொண்டான். இத்தனைக்கும் இப்போதிருக்கிற பேர் இந்தியப் பயணத்தால் வந்ததில்லை. பிற்பாடு அலாஸ்கா சால்மன் மீன் வியாபாரக் கம்பெனி வாங்கி, தன் இரும்புக் கப்பல்களுக்கெல்லாம் ஸ்டார் என்று தொடங்கும் பேர் வைத்த வரிசையில் 1906-ல் இதற்கு இந்தப் பேர் விழுந்தது.

சரி, ஏறுவோம். முதல் சிக்கலே மூட்டை முடிச்சுதான். நம் வீட்டில் ஒரு ராத்திரிக்கும் சூட்கேஸ் கட்டுவார்கள். சக்கரம் வைத்த பெட்டி அங்கே சுத்தமாக உதவாது. கீழ்த்தட்டுக்கு இறங்குகிற படி செங்குத்தானது, இரண்டு கையும் காலியாக இருந்தால்தான் பிடித்துக்கொண்டு இறங்க முடியும், அதுவும் ஏணியில் இறங்குகிற மாதிரி படியைப் பார்த்தபடி முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டு இறங்க வேண்டும். வீட்டு மாடிப்படியில் இறங்குகிற மாதிரி முன்னால் பார்த்துக்கொண்டு இறங்கப் போகும் முதல் ஆள் பெரியவர்களில் ஒருவராகத்தான் இருப்பார். முதுகில் மாட்டுகிற ஒரே பை, அதன்மேல் கட்டிய உறக்கப்பை, அவ்வளவுதான். பைகளைப் பிள்ளைகளே வரிசையாக நின்று கைமாற்றிக் கீழே இறக்கினார்கள். அன்றைக்கு அவர்கள் சேர்ந்து செய்த முதல் வேலை அது.

செருப்பு, சாண்டல், குரோக்ஸ் எதுவும் வேண்டாம். விரல் மூடிய, ரப்பர் அடியுள்ள ஷூ. மரத்தட்டில் பனி இறங்கினால் வழுக்கும், கால் வைக்கிற இடமெல்லாம் இரும்பு வளையமும் கட்டையும் துருத்திக்கொண்டு நிற்கும். நீள முடி உள்ளவர்கள் இறுக்கிப் பின்னிக்கொள்ள வேண்டும், தொங்குகிற காதணி, கழுத்துச் சங்கிலி, துப்பட்டா, ஸ்வெட்டரின் கயிறு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். கப்பி சுற்றுகிற இடத்தில் இதெல்லாம் ஆபத்து.

ஏறியவுடன் மேட், அதாவது கேப்டனுக்கு அடுத்த அதிகாரி, வேடம் போட்டவர் கத்த ஆரம்பித்துவிடுவார். 19-ஆம் நூற்றாண்டு மாலுமியிடம் மேட் எப்படிப் பேசுவாரோ அப்படி. பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் "ஐ ஐ சார்" சொல்ல வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது கொண்டாட்டம், ஆனால் வீட்டில் யாரும் குரல் உயர்த்தாமல் வளர்ந்த பிள்ளைக்குக் கண் கலங்கிவிடும். அது நாடகம் என்று முந்தின நாளே சொல்லிவைத்தால் போதும். சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடுமோ என்று கவலைப்பட வேண்டாம், நாடகம் என்று தெரிந்த பிள்ளைகள்தான் அதிகம் ரசித்தார்கள்.

கயிறு வேலைக்கு வருகிறேன். ஒரு கனமான பீப்பாயைக் கப்பி போட்டுத் தூக்க வேண்டும். பிள்ளைகள் முதலில் செய்தது ஆளுக்கொரு நேரத்தில் பலம்கொண்ட மட்டும் இழுத்தது. பீப்பாய் அரை அடி எழும்பித் தொங்கியது, அதற்குமேல் அசையவில்லை. அப்போதுதான் அந்த மேட் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். ஒருவர் ஒரு அடி பாட, எல்லாரும் பதில் அடியில் ஒரே சொல்லில் அழுத்தம் கொடுத்து இழுக்க, அடுத்த அடி பாடி முடிக்கும்வரை கைக்கு ஓய்வு. இழுப்பதைவிட அந்த ஓய்வுதான் முக்கியம் என்று பார்த்தபோது புரிந்தது, ஓய்வு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கிடைப்பதால்தான் அடுத்த இழுப்பில் எல்லாருடைய பலமும் ஒன்றாகச் சேருகிறது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை, "இது நம்ம ஏலேலோ ஐலசாதானே" என்றேன். தமிழ்ப் பிள்ளைகள் நான்கைந்து பேர் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த பீப்பாய் ஐலசாவில் ஏறியது. வியட்நாம், மெக்ஸிகோ குடும்பத்துப் பிள்ளைகளும் கத்தினார்கள். மேட் தன் வேடத்தைக் கலைக்காமலேயே, அந்தப் பாட்டில் இழுக்கிற இடம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

கயிற்றில் கை வைக்கும் முன்னால் அங்கே சொல்லித்தந்த மூன்று விஷயங்களைப் பிள்ளைகளுக்கு வீட்டிலும் ஒரு முறை சொல்லிவிடுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, பிடி நழுவினால் கையையும் சேர்த்து இழுத்துப் போகும். தரையில் சுருண்டு கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் கால் வைக்கவே கூடாது. விடு என்று சொன்னால் உடனே விடலாம், ஆனால் சொல்லாமல் யாரும் விடக்கூடாது, பின்னால் இருப்பவர் அதை நம்பித்தான் நிற்கிறார். கையுறை போட்டுக்கொண்டால் நல்லதில்லையா என்று ஒரு அப்பா கேட்டார். தொளதொள கையுறை கப்பியில் மாட்டும், வெறும் கையே மேல். உள்ளங்கை சிவந்தது, யாருக்கும் கொப்புளம் போடவில்லை.

சாப்பாடு பற்றிக் கேட்கிறவர்களுக்கு: குழுவுக்குக் குழு ஏற்பாடு மாறும், சைவம் வேண்டும் என்றால் பதிவு செய்யும்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள். எங்களுக்குக் காய்கறிக் கஞ்சி மாதிரி ஒரு குழம்பும் ரொட்டியும். சமையல் அறைக்கு ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் உருளைக்கிழங்கும் கேரட்டும் நறுக்கினார்கள், கேரட் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு, பாதி வெந்தும் வேகாமலும் இருந்தது, வீட்டில் கேரட்டை ஒதுக்கி வைக்கிற என் மகள் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். ஒரு அம்மா புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எல்லாருக்குமாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அது இருக்கிறது என்று தெரிந்ததும் தமிழ்ப் பிள்ளைகள் குழம்பைத் தொடத் தயங்கினார்கள், மற்ற பிள்ளைகள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். புளிசாதத்தை மறுநாள் கரைக்கு இறங்கியபின் எடுக்கலாம் என்று சொல்லி மூடி வைத்தோம். ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் கதை வேறு, அதற்குத் தனிச் சாப்பாடு கொண்டுபோகத்தான் வேண்டும்.

படுக்கை நடுத்தட்டில். அந்த இடத்தின் கதையைப் படுக்கும் முன் சொன்னால் புகார்கள் பாதியாகக் குறையும். 1871-லிருந்து 25 வருடத்துக்கு மேல் இந்தக் கப்பல் இங்கிலாந்திலிருந்து நியூசிலாந்துக்குக் குடியேறுகிற ஏழைக் குடும்பங்களை ஏற்றிப் போனது. அப்படி உலகத்தை 21 முறை சுற்றியிருக்கிறது. போய்ச் சேரக் குறைந்தது 100 நாள், ஒரு முறை 143 நாள். அத்தனை நாளும் ஏழைகள் இருந்தது, படுத்தது, வாந்தி எடுத்தது, பிள்ளை பெற்றது எல்லாம் தட்டுகளுக்கு நடுவே இருக்கிற இந்தத் தளத்தில். புயல் நாளில் மேல்வாசலையும் மூடிவிடுவார்கள். "தரை கல்லு மாதிரி இருக்கு" என்று ஆரம்பித்த பையனிடம் இன்னொரு பெண், "உனக்கு இன்னும் 142 நாள் பாக்கி" என்றாள். இருந்தாலும் தரை உண்மையிலேயே கெட்டிதான். யோகா விரிப்பு போதாது, முகாமுக்கு விற்கிற தடித்த நுரைப்பாய் எடுத்துக்கொள்ளுங்கள். காற்றடிக்கிற பெரிய மெத்தை இடத்தை அடைக்கும், யாராவது புரண்டால் கீச்சுக் கீச்சென்று சத்தம் வேறு. துணைக்கு வருகிறவர்கள் காதடைப்பான் மறக்க வேண்டாம். பிள்ளைகள் குறட்டை விடுவதில்லை, அப்பாக்கள் விடுகிறார்கள், இரும்பு உடம்புக்குள் அது எதிரொலிக்கும்.

கப்பல் ஆடுமா, தலைசுற்றுமா என்றால், கட்டிப்போட்ட கப்பல், அதுவும் வளைகுடாவின் அமைதியான தண்ணீர். அசைவு தெரிவதே அரிது. மாத்திரை தேவைப்படவில்லை. ஆனால் சத்தம் உண்டு. கயிறு இறுகும், மரம் முனகும், தண்ணீர் இரும்பில் தட்டும். இதையெல்லாம் வெளிச்சத்தில் ஒருமுறை நிற்கவைத்துக் கேட்கச் சொல்லி, எது எந்தச் சத்தம் என்று காட்டிவிட்டால் ராத்திரி பேய் பயம் பாதி போய்விடும். மீதிப் பாதிக்குக் காரணம் அந்தக் கதை. 1884-ல் ஒளிந்து ஏறிய பையன் ஒருவன் பிடிபட்டு வேலை செய்ய வைக்கப்பட்டு, பாய்மரத்தின் மேலிருந்து விழுந்து இறந்தான் என்றும், அவன் கை இன்னும் சிலரைத் தொடுகிறது என்றும் கப்பலில் ஒரு கதை உலவுகிறது. எப்படியும் ஒரு பிள்ளை இணையத்தில் படித்துவிட்டு வந்திருக்கும். விளக்கணைத்தபின் அது கிசுகிசுப்பாகப் பரவுவதற்குப் பதில், பெரியவர் ஒருவர் சாயங்கால வெளிச்சத்திலேயே, அவன் விழுந்ததாகச் சொல்லும் பாய்மரத்தடியில் நின்று முழுக்கச் சொல்லிவிடுவது நல்லது. எங்கள் பிள்ளைகள் கடைசியில் பேயை விட்டுவிட்டு, அவ்வளவு சின்னப் பையனை ஏன் மேலே ஏற்றினார்கள் என்று சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள்.

படுக்கை நனைக்கிற பழக்கம், தூக்கத்தில் நடக்கிற பழக்கம், இரவு மருந்து, இதெல்லாம் குழுத் தலைவரிடம் பெற்றோர் தனியாகச் சொல்லிவிட வேண்டும். செங்குத்துப் படி இருக்கிற இடத்தில் தூக்கத்தில் நடக்கிற பிள்ளையைச் சொல்லாமல் அனுப்புவது தப்பு. கழிவறை பக்கத்தில் இருக்காது. படுக்கும் முன் எல்லாரையும் ஒருமுறை அனுப்பி, நடுராத்திரி போக வேண்டுமென்றால் யாரை எழுப்புவது என்று பேர் சொல்லிவிடுங்கள்.

இனி காவல். அசல் மாலுமிகளுக்கு ஒரு காவல் முறை என்பது நான்கு மணி நேரம், சாயங்காலம் மட்டும் இரண்டிரண்டு மணி நேரமாக உடைப்பார்கள், அப்படி உடைத்தால்தான் தினமும் ஒரே ஆளுக்கு ஒரே முறை வராமல் சுற்றும். அரை மணிக்கு ஒருமுறை கப்பல் மணியை அடிப்பார்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு அடி கூடும், எட்டு அடி அடித்தால் முறை முடிந்தது, அடுத்தவர் வர வேண்டும். பிள்ளைகளுக்கு இதைச் சுருக்கி ஒரு மணி நேரம். நான்கு பிள்ளை, ஒரு பெரியவர். வேலை எளிது: மேல்தட்டைச் சுற்றி வருவது, கரையோடு கட்டிய கயிறுகளைப் பார்ப்பது, எங்கேயும் புகை வாசனை வருகிறதா, யாராவது ஏறுகிறார்களா என்று கவனிப்பது, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறிப்பேட்டில் நேரம், காற்று, வானம், தண்ணீர் மட்டம் எழுதுவது.

எங்கள் முறை இரண்டிலிருந்து மூன்று. எல்லாரும் வெறுக்கிற முறை, நான் கேட்டு வாங்கினேன். எழுப்பும்போது ஒருத்தி அழுதாள், ஒருவன் ஷூவை மாற்றிப் போட்டான். மேலே வந்து பத்து நிமிடத்தில் நால்வரும் கிசுகிசுவென்று வேலை பிரித்துக்கொண்டார்கள். விமான நிலையத்தில் இரவு 11:30-க்கு மேல் காலை 6:30 வரை புறப்பாடு கிடையாது, அதனால் அந்த ஊரில் நான் கேட்டிராத அமைதி. கடல்சிங்கம் எங்கேயோ குரைத்தது. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தது என் மகள்தான், கரைச்சுவரில் ஈரக்கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கிறது என்று கைவிளக்கு அடித்துக் காட்டி, முந்தின முறைக்காரர்கள் மட்டத்தை எழுதாமல் விட்டுவிட்டார்கள் என்று கோபப்பட்டாள். குறிப்பேட்டில் ஒருவன் எழுதியது: "2:45. காற்று இல்லை. வானம் மூட்டம். கயிறு நன்றாக இருக்கிறது. சுவரில் ஒரு வக்கா உட்கார்ந்து எங்களைக் காவல் காக்கிறது." பறவைக்கு அவன் எழுதிய ஆங்கிலப் பேரை நான்தான் வக்கா என்று மாற்றியிருக்கிறேன், ராத்திரி மீன் பிடிக்கிற நம்மூர் வக்காவேதான் அது.

இந்த ஒரு மணி நேரத்தில் பெரியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது, இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். ஆபத்து என்றால் தலையிடுங்கள். மற்றபடி "அதை எழுதினாயா, ஜிப்பைப் போடு, அந்தப் பக்கம் பார்த்தாயா" எதுவும் வேண்டாம். நீங்கள் பேசினால் பொறுப்பு உங்கள் கைக்கு வந்துவிடும், பிள்ளைகள் அடுத்த நிமிடமே கொட்டாவி விட ஆரம்பிப்பார்கள். வேறொரு முறையில் ஒரு அப்பா போனை எடுத்து வீடியோ பிடித்தார், பிள்ளைகள் கேமராவுக்காக நடக்க ஆரம்பித்தார்கள், குறிப்பேட்டில் அந்த மணி நேரம் காலி. போனைப் பையில் போட்டுவிடுங்கள். வெளிச்சத்துக்குச் சிவப்பு விளக்கு உள்ள தலைவிளக்கு வாங்கிக்கொள்ளலாம், விலையும் அதிகமில்லை. வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரத்துக்கு மேலாகும், தூங்குகிறவர்கள் முகத்திலும் அடிக்கும்.

குளிர் பற்றி: கலிபோர்னியாதானே என்று நினைத்து மெல்லிய ஸ்வெட்டரோடு வருகிறவர்கள்தான் நடுங்குகிறார்கள். கடலோரப் பனி இறங்கினால் கைப்பிடிக் கட்டை, கயிறு, பெஞ்சு எல்லாம் நனைந்திருக்கும். நனையாத மேல்சட்டை ஒன்று, கம்பளித் தொப்பி ஒன்று, உலர்ந்த காலுறை கூடுதலாக இரண்டு ஜோடி. மேலே வைத்த பொருள் காலையில் ஈரம், அதனால் எல்லாம் கீழேயே இருக்கட்டும்.

காலை 6:30-க்கு முதல் விமானம் கிளம்புகிற சத்தத்தில் எழுந்துகொள்ளாதவர்களே இல்லை. தட்டைக் கழுவித் தேய்த்துவிட்டுத்தான் இறங்க விடுவார்கள். 1926-ல் 9,000 டாலருக்கு இந்த ஊருக்காக வாங்கிய கப்பல், அதன்பின் 30 வருடம் கேட்பாரற்றுக் கிடந்து, 1976 ஜூலை 4-ஆம் தேதி மறுபடி பாய் விரித்துக் கடலுக்குள் போனது. நடுவில் அதைக் காப்பாற்றியது பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள்தான், இன்றும் அப்படித்தான். அதனால் பிரஷ்ஷைப் பிள்ளை கையில் கொடுத்தால் முகம் சுளிக்க வேண்டாம்.

மே, ஜூன் மாதங்களில் இங்கே பல நாள் வானம் மூடியே கிடக்கும், நட்சத்திரம் பார்க்க ஆசை என்றால் அக்டோபர் பக்கம் தேதி கேட்டுப் பாருங்கள். வெள்ளி ராத்திரி கிடைத்தால் வெள்ளியே எடுங்கள், சனிக்கிழமை மதியம் பாட்டு வகுப்பு, கிரிக்கெட், பிறந்தநாள் விழா எதையும் வைக்காமல். பிள்ளைகள் இரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிடுவார்கள், உங்களுக்கு ஞாயிறும் தேவைப்படும்.